திருத்திய இடம் தெரியாமல்

உங்கள் குமாஸ்தாவின் கணினியில் ஓர் ஆவணம் திறக்க இவ்வளவு நேரம் பிடிக்கிறதென்றால், அதில் இருக்கும் செயலி ரொம்பப் பழையது, பாஷா; அதிகாரிகளை அப்படித்தானே கூப்பிட வேண்டும். கணினியின் மேல் தப்பில்லை. வேறொரு சமயமாக இருந்தால் நானே உட்கார்ந்து புதியதைப் போட்டுக் கொடுத்திருப்பேன். பரவாயில்லை, மெதுவாகத் திறக்கட்டும். நீங்கள் எனக்குக் காட்டப்போவது என்ன என்று எனக்குத் தெரியும். அதற்குள் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் விசாரணைக்கு வந்திருக்கும் புகார் மனுவில் என் தொழில் என்னவென்று சரியாக எழுதவில்லை. 'கணினி வேலை' என்று மொட்டையாக எழுதியிருக்கிறார்கள். நானும் என் நண்பன் மித்ஹத்தும் சேர்ந்து ஸ்மூஹா பகுதியில் ஒரு சின்ன நிறுவனம் நடத்துகிறோம். நாங்கள் செயலி செய்வதில்லை. செயலி செய்பவர்களுக்குப் பாகங்கள் செய்து கொடுக்கிறோம். ஒரு வங்கியோ மருத்துவமனையோ தன் செயலிக்குள்ளேயே ஆவணத்தைத் திறந்து காட்ட வேண்டும், அதில் கையெழுத்து வாங்க வேண்டும், ஒரு சொல்லை அழித்து வேறு சொல் எழுத வேண்டும் என்றால், அதையெல்லாம் அவர்கள் அடியிலிருந்து எழுதிக்கொண்டிருக்க முடியாது. எங்களிடம் வாங்கி உள்ளே பொருத்திக்கொள்வார்கள். கிட் என்று சொல்வோம். கார் கம்பெனிக்கு யாரோ ஒருவன் கதவுப் பூட்டு செய்து கொடுப்பது மாதிரி. காரில் போகிறவருக்குப் பூட்டு செய்தவன் பெயர் தெரியாது.

ஆவணத்தைக் காட்டுவது பெரிய வேலையில்லை. திருத்துவதுதான் வேலை. கோப்புக்குள் சொற்கள் சொற்களாக இருப்பதில்லை. இந்த வடிவத்தை இந்த இடத்தில் வை, அடுத்ததை அதற்குப் பக்கத்தில் வை என்று கட்டளைகள்தான் இருக்கும். நம் அரபியில் ஓர் எழுத்தைத் தொட்டால் இரண்டு பக்கத்து எழுத்துகளின் முகமும் மாறிவிடும். அதைவிடத் தொல்லை, எழுத்துருவில் உள்ள எல்லா எழுத்துகளும் கோப்புக்குள் வருவதில்லை. அந்தப் பக்கத்தில் பயன்பட்டவை மட்டுமே வரும். இல்லாத எழுத்தைப் போட்டால் வேறு எங்கிருந்தோ கடன் வாங்கி ஒட்டியது மாதிரி பல்லிளிக்கும். திருத்திய இடம் தெரியாமல் திருத்தும் பகுதியை எழுதியது நான். சில வருடங்கள் அதிலேயே கிடந்தேன். எங்கள் கிட்டை எல்லோரும் வாங்குவது அதற்காகத்தான்.

அதை நான் ஒழுங்காக எழுதினேன் என்றால் அதற்குக் காரணம் ரிஹாம். என் மனைவி.

அவள் எங்களிடம் சோதனை பார்க்கிறவளாக வேலைக்கு வந்தாள். நாங்கள் எழுதியதை உடைத்துக் காட்டுவதுதான் அவள் வேலை. வந்த முதல் வாரம், பையிலிருந்து சூரியகாந்தி விதையை எடுத்துக் கொறித்துக்கொண்டே என் மேசைக்கு வந்து நின்றாள்.

"ராஃபத்ங்கிறது நீங்கதானா?"

"ஆமா."

"நீங்க மாத்தின வரியில ஒரு எழுத்து மூச்சு முட்டி நிக்குது. பக்கத்துல இருக்கிறவன் அது கால மிதிக்கிறான். உங்களுக்குக் கண்ணு தெரியலையா, இன்ஜினியரே?"

நான் திரையில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பெரிதாக்கிப் பார்த்தபோது தெரிந்தது. ஒரு மயிரிழை.

மித்ஹத் அந்தப் பக்கத்திலிருந்து சத்தமாகச் சொன்னான். "செத்தடா ராஃபத். இனிமே உனக்குத் தூக்கம் கிடையாது."

தூக்கம் போனது உண்மைதான். அந்த வருடமே கல்யாணம் செய்துகொண்டோம்.

நாங்கள் சந்தோஷமாக இருந்தோம் என்று ஷஹீராவும் ஒப்புக்கொள்வாள். ஷஹீரா ரிஹாமின் அக்கா. மனு கொடுத்தவள் அவள்தான். அவள்மீது எனக்குக் கோபமில்லை. ரிஹாம் என்னைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு விதம் உண்டு. தலையைச் சாய்த்து, என் சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டு, அதைச் சொல்லாமல் சிரிப்பாள். வெளியே வேலையாகப் போனால் அந்தச் சிரிப்புக்காகவே சீக்கிரம் திரும்புவேன்.

குழந்தைதான் தங்கவில்லை. மூன்று முறை. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதத்தில். மூன்றாவது முறை, மருத்துவமனையிலிருந்து காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஸ்டான்லி பாலத்தைத் தாண்டியதும் அவள் சொன்னாள்.

"இனிமே என்னால முடியாது, ராஃபத். நீ வேணா இன்னொரு கல்யாணம் பண்ணிக்கோ. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்."

"ஒருத்தி கண்ணுக்கே பதில் சொல்ல முடியல. இன்னொருத்தியா?" என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு வீடு வரும்வரை அழுதாள். நான் காரை மெதுவாக ஓட்டினேன்.

அதற்கப்புறம் நாங்கள் எதிர்பார்க்காமல் இருந்தபோது வந்ததுதான் நான்காவது. இந்தத் தடவை தங்கியது. அவள் படி ஏறுவதை விட்டாள், விதை கொறிப்பதை விட்டாள், சத்தமாகச் சிரிப்பதைக்கூட விட்டாள். வயிறு வெளியே தெரிய ஆரம்பித்த சமயம் ஒரு நாள் குளித்துவிட்டு வந்து, என் கையைப் பிடித்து இடது மார்பின் பக்கவாட்டில் வைத்தாள். ஒரு கொண்டைக்கடலை அளவு இருக்கும்.

டாக்டர் லபீப்பிடம் கூட்டிப் போனேன். காம்ப் ஷேஸாரில் டிராம் நிலையத்துக்கு மேலே கிளினிக் வைத்திருக்கிறாரே, அவர்தான். நல்ல மனிதர். "ஒன்னும் இருக்காது மகளே. இருந்தாலும் ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்துப் பாத்துருவோம். மனசுல எதுக்குப் பாரம்?" என்றார். எடுத்ததை ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கே அறிக்கையைக் காகிதத்தில் கொடுக்கிற வழக்கம் போய்விட்டது, கைபேசிக்கு ஆவணமாக அனுப்பிவிடுவார்கள். அவர்களுடைய செயலிக்குள் இருப்பதும் எங்கள் கிட்தான். அது தற்செயல். நகரத்தில் பாதிப்பேர் எங்களுடையதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அறிக்கையை யார் எண்ணுக்கு அனுப்ப என்று அங்கே கேட்டபோது, ரிஹாம் என் எண்ணைச் சொன்னாள்.

"எனக்கு வந்தா நான் திறக்க மாட்டேன். நீ பாத்துட்டு எனக்கு அனுப்பு" என்றாள்.

அது வந்தபோது நான் ஒரு வாடிக்கையாளரைப் பார்த்துவிட்டுக் கடற்கரைச் சாலையில் வந்துகொண்டிருந்தேன். ஓரமாக நிறுத்திவிட்டுத் திறந்தேன். நல்ல வெயில். கரைச்சுவரில் உட்கார்ந்து ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது, ஒரே பக்கம். புற்றுநோய் என்று எழுதியிருந்தது. என்ன வகை என்றும் எழுதியிருந்தது. கட்டி சிறியது என்று ஸ்கேனில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள், அதனால் ஆரம்ப நிலை என்பது எனக்குப் புரிந்தது. அந்த மனிதருக்கு ஒரு மீன் மாட்டியது. அவர் அதை வாளியில் போட்டதுவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அலுவலகத்துக்குப் போனேன்.

ரிஹாம் தன் இடத்தில் உட்கார்ந்து ஏதோ காப்பீட்டுப் படிவத்தைச் சோதித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்துச்சா?"

"இன்னும் இல்ல."

அவள் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். நான் என் மேசைக்குப் போய் ஆவணத்தைத் திறந்தேன். எங்களுக்கு இடையில் இரண்டு மேசைகள் இருந்தன.

நான் அதைப் பதற்றத்தில் செய்தேன் என்று என் வழக்கறிஞர் எழுதச் சொல்கிறார். நான் பதறவில்லை, பாஷா. எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை அது. புற்றுநோயின் பெயர் இருந்த இடத்தில், ஆபத்தில்லாத ஒரு நார்க்கட்டியின் பெயரை எழுத வேண்டியிருந்தது. அதற்கு வேண்டிய எழுத்துகளில் இரண்டு அந்த வரியில் இல்லை. ஒன்றை, 'இடது' என்பதற்கான ஆங்கிலச் சொல்லிலிருந்தும், இன்னொன்றை 'மார்பு' என்பதற்கான சொல்லிலிருந்தும் கிட் தானாகவே எடுத்துக்கொண்டது. எழுத்துகளின் இடைவெளியைச் சரிசெய்தது. கீழே இருந்த விவரங்களை எடுத்துவிட்டு இரண்டு வாக்கியம் எழுதினேன். வரிகள் தாமே மேலேறி உட்கார்ந்தன. ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ஆவணம் மாறாமல் இருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும் முத்திரை ஒன்றையும் நாங்கள் தனியாக விற்கிறோம். அந்தப் பரிசோதனைக்கூடம் அதை வாங்கியிருக்கவில்லை. மருத்துவமனைகளுக்கு அதைச் சும்மாவே கொடுத்துவிடலாம் என்று ரிஹாம் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றது நான்.

பிறகு அதை அவளுக்கு அனுப்பினேன். அவள் கைபேசி மேசைமேல் முனகியது எனக்குக் கேட்டது.

அவள் படித்துவிட்டு எழுந்து வந்தாள். எல்லோர் முன்னாலும் என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள். குழந்தை அசைவது என் காதில் பட்டது. அது எனக்கு முதல் முறை. மித்ஹத் ஓடிப்போய் ஒரு தட்டு நிறைய பஸ்பூஸா இனிப்பு வாங்கிவந்தான். "அல்லா பெரியவன். சாப்பிடுங்கடா, ரெண்டு ரெண்டா எடுங்க" என்று ஒவ்வொரு மேசையாகக் கொண்டுபோனான். ஷஹீராவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவள் அந்தப் பக்கத்தில் போட்ட குலவை அறை முழுக்கக் கேட்டது. நானும் சாப்பிட்டேன். தேன்பாகு சற்று அதிகம். ஆனாலும் நன்றாக இருந்தது.

டாக்டர் லபீப்பிடம் அச்செடுத்த பிரதியோடு நான் மட்டும் போனேன். அவர் கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டு, "நான்தான் சொன்னேனே. கர்ப்பமா இருக்கிறப்போ இதெல்லாம் கொஞ்சம் பெருசாகும், பயப்படாதீங்க. குழந்தை பொறந்தப்புறம் ஒரு தடவை பாப்போம்" என்றார். அவரைத் தொல்லை செய்யாதீர்கள். தாளில் இருந்ததைத்தான் அவர் படித்தார்.

ஏன் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த நேரத்தில் நான் நினைத்தது இவ்வளவுதான். ஒன்று அவள், இல்லையென்றால் குழந்தை. உண்மை தெரிந்தால் கருவைக் கலைக்கச் சொல்வார்கள். கலைத்தால் அவள் பிழைப்பாள், ஆனால் ரிஹாமாகப் பிழைக்க மாட்டாள். கலைக்க மாட்டேன் என்று அவள் சொன்னால், சாகப்போகிறோம் என்ற பயத்தோடு ஒவ்வொரு நாளும் வயிற்றைத் தடவிக்கொண்டிருப்பாள். இந்தத் தேர்வை யாராவது சுமக்க வேண்டுமென்றால் நான் சுமக்கிறேன் என்று முடிவுசெய்தேன். ஒரு கணவன் அவ்வளவாவது செய்ய வேண்டாமா.

அப்படித்தான் உங்கள் அலுவலகத்திலும் முதல் நாள் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். அதில் ஒரு திருத்தம் இருக்கிறது.

அந்த வாரமே நான் இந்த நோயைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். ஏதோ ஒரு வெளிநாட்டு மருத்துவர் சங்கத்தின் கையேடு. எங்கள் செயலியிலேயே திறந்து படித்தேன். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் கழிந்துவிட்டால் அறுவை செய்யலாம், குழந்தையைப் பாதிக்காத மருந்துகள் இருக்கின்றன, அப்படிச் சிகிச்சை எடுத்துக்கொண்ட தாய்மார்கள் நல்ல குழந்தைகளைப் பெற்றிருக்கிறார்கள் என்று அதில் எழுதியிருந்தது. ஒன்று அவள், இல்லையென்றால் குழந்தை என்பது என் கணக்கு. மருத்துவர்களின் கணக்கு அப்படி இல்லை. இரண்டு பேரும் இருந்திருக்கலாம்.

நான் அந்தக் கையேட்டை மூடினேன். அதற்குள் பஸ்பூஸா சாப்பிட்டாகிவிட்டது, பாஷா. அவள் அம்மாவுக்குச் சொல்லியாகிவிட்டது. அவள் இரவில் நன்றாகத் தூங்க ஆரம்பித்திருந்தாள். அதையெல்லாம் எந்த வார்த்தை சொல்லித் திரும்ப வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த மாதங்களில் நான் அவளைக் குறையில்லாமல் பார்த்துக்கொண்டேன். கால் வீங்கினால் பிடித்துவிட்டேன். மாம்பழக் காலம் வந்தபோது நல்ல ரகமாகத் தேடி வாங்கிவந்து தோலுரித்துக் கொடுத்தேன். ஷஹீராகூட ஒரு நாள், "என் புருஷனை உங்கிட்ட ரெண்டு மாசம் பயிற்சிக்கு அனுப்புறேன் ராஃபத்" என்று சொன்னாள். அவ்வப்போது ரிஹாம் என் கையை எடுத்து அந்த இடத்தில் வைப்பாள்.

"பெருசான மாதிரி இல்ல?"

"பால் கட்டுது, ஹபீப்தி. டாக்டர்தான் சொன்னாரே."

"ஆமா, சொன்னாரு" என்பாள். உடனே முகம் தெளிந்துவிடும். வேறு ஏதாவது பேச ஆரம்பிப்பாள்.

பெண் குழந்தை பிறந்தது. நதா என்று பெயர் வைத்தாள். ஏழாம் நாள் விசேஷத்துக்கு வீடு கொள்ளாத கூட்டம். குழந்தையைச் சல்லடையில் படுக்கவைத்து லேசாகக் குலுக்கினார்கள். ரிஹாம் அவளைத் தாண்டித் தாண்டி நடந்தாள். ஷஹீரா பித்தளை உரலைக் குழந்தையின் காதுக்குப் பக்கத்தில் வைத்து இடித்துக்கொண்டே, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். "அம்மா சொல்றதைக் கேளு, நதா. அப்பா சொல்றதைக் கேக்காத." எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ரிஹாம் மட்டும், "போதும் அக்கா, பாவம் அவரு" என்றாள்.

டாக்டர் சொல்லியிருந்தபடி பிரசவத்துக்குப் பிறகு ஒரு தடவை பரிசோதனை செய்தோம். அதிலும் பயப்படும்படியாக எதுவும் அவள் கைக்கு வரவில்லை.

குளிர்காலத்துக்கு முன்னால் முதுகு வலி தொடங்கியது. குழந்தையைத் தூக்குவதால் என்று நினைத்தாள். பிறகு குழந்தையைத் தூக்கவே முடியவில்லை. நான் வேலையாகக் கெய்ரோ போயிருந்த நாளில் ஷஹீரா அவளைப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விட்டாள். நான் திரும்பியபோது எலும்பு, ஈரல் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த மருத்துவர் பழைய சதைத் துணுக்கைத் தான் மறுபடி பார்க்க வேண்டும் என்று கேட்டார். கர்ப்பத்தின்போது எடுத்தது. ஷஹீரா அந்தப் பரிசோதனைக்கூடத்துக்குப் போனாள். துணுக்கோடு அறிக்கையின் புதிய பிரதி ஒன்றையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

அவள் அதை என்னிடம் காட்டியது மருத்துவமனை நடைக்கூடத்தில். கையில் இரண்டு தாள்கள், ஒன்று அந்தப் புதிய பிரதி, இன்னொன்று நான் ரிஹாமுக்கு அனுப்பியது.

"இது என்ன?"

தாள்களை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"லேப்ல தப்பா அனுப்பிட்டாங்களா? ராஃபத், தப்பா அனுப்பிட்டாங்கன்னு சொல்லு. நான் அவங்களைக் கேஸ் போட்டுக் கிழிக்கிறேன். சொல்லு."

சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். நான் சொல்லவில்லை. அதை என் நேர்மைக்கு உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

"அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றேன். அது எனக்கு நானே பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. "மயிரிழை மாறினாலும் கண்டுபிடிக்கிற கண்ணு அது. ஷஹீரா, அவ கண்ணுக்கு அது தப்புமா? தெரிஞ்சுதான் பேசாம இருந்திருக்கா. குழந்தைக்காக. அது அவளோட முடிவும்தான்."

ஷஹீரா என்னைப் பார்த்த பார்வையை நான் உங்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. நேற்று இந்த நாற்காலியில்தான் அவள் உட்கார்ந்திருப்பாள்.

"அவ பாக்கல" என்றாள். "உன் கையில இருந்து வந்துச்சுன்னு பாக்கல. ஆபீஸ்ல வர்றதைச் சந்தேகப்படுறது அவ வேலை. உன்னைச் சந்தேகப்படுறது அவ வேலையா?"

பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்து, தாழ்ந்த குரலில் சொன்னாள். "உள்ள போ. அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லாத. இன்னும் எத்தனை நாளோ, அந்த நாளாவது அவ நிம்மதியா இருக்கட்டும். அப்புறம் உன்னைப் பாத்துக்கிறேன்."

அப்படியாக ஷஹீராவும் மறைத்தாள். நான் செய்ததையே அவளும் செய்தாள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அன்று இரண்டு பேரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றாகத்தான் அந்த அறைக்குள் போனோம்.

ரிஹாம் விழித்திருந்தாள். ரொம்ப மெலிந்திருந்தாள். நதா சாப்பிட்டாளா என்று கேட்டாள். சாப்பிட்டாள் என்றேன். ஷஹீரா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்" என்றாள் ரிஹாம். "கட்டி பெருசாகுதுன்னு தெரிஞ்சும் இன்னொரு டாக்டரைப் பாக்கலாம்னு தோணல பாரு. அசட்டையா இருந்துட்டேன். உன்னைத் தனியா விட்டுட்டுப் போறேன், கைக்குழந்தையோட. என்னை மன்னிச்சுக்கோ ராஃபத்."

அவள் அதைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும். நான் அவள் கையை எடுத்து முத்தமிட்டு, "மன்னிச்சுட்டேன்" என்றேன்.

அவள் மனம் லேசானது. முகத்திலேயே தெரிந்தது. ஷஹீராவின் முதுகு குலுங்குவதைப் பார்த்தேன்.

ஜனவரியில், மழையும் காற்றுமாகக் கடல் சாலைக்கு ஏறிய ஒரு காலையில் ரிஹாம் போய்விட்டாள். சாலையில் தண்ணீர் நின்றதால் வண்டி சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அடக்கம் முடிந்து, துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் போன பிறகு ஷஹீரா உங்களிடம் வந்தாள். நதா இப்போது அவளிடம்தான் இருக்கிறாள். நல்ல இடம். குழந்தைக்கு அம்மாவின் கண் என்று சொல்கிறார்கள். எனக்குப் பார்க்க அனுமதி இல்லை.

இதோ, திறந்துவிட்டது. ஆம், இந்தப் பக்கம் இருப்பது பரிசோதனைக்கூடத்தின் அசல், அந்தப் பக்கம் இருப்பது நான் மாற்றியது. இல்லை, மாற்றி வைத்திருக்கிறீர்கள். அசல் வலது பக்கத்தில் இருப்பது. பரவாயில்லை, யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும் என்றால் போடுகிறேன்.

ஆனால் கையெழுத்துக்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. ஷஹீராவுக்கும் தெரியாது. அவள் அந்த ஒரு பரிசோதனைக்கூடத்துக்குத்தான் போனாள்.

பிரசவத்துக்குப் பிறகு ஒரு தடவை பரிசோதனை செய்தோம் என்று சொன்னேன் அல்லவா. அதை வேறு இடத்தில் செய்தோம். மஹத்தத் அர்-ரம்லில், மருந்துக்கடைகள் இருக்கும் தெருவில். அங்கே கூட்டம் இல்லை, குழந்தையோடு காத்திருக்க வேண்டாம் என்று ரிஹாமிடம் சொன்னேன். அந்த அறிக்கையும் என் கைபேசிக்கே வந்தது. நோய் அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் போயிருந்தது. அதைத் தாண்டிப் போனதாகத் தெரியவில்லை, உடனே சிகிச்சை தொடங்க வேண்டும் என்று அடியில் தனியாக எழுதியிருந்தார்கள். 'உடனே' என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டிருந்தது. கோட்டை எடுப்பது சொல்லை எடுப்பதைவிடச் சிரமம், அது தனிப் பொருளாக இருக்கும்.

குழந்தை பிறந்ததும் சொல்லிவிடுவேன் என்றுதான் எனக்கு நானே வாக்குக் கொடுத்திருந்தேன். அன்று மத்தியானம் வீட்டில், சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நதா பக்கத்து அறையில் பாலுக்கு அழுதாள். ரிஹாம் எழுந்து போகும்போது என் தோளைத் தொட்டு, "வந்துச்சா?" என்று கேட்டாள். "வந்துக்கிட்டே இருக்கு" என்றேன்.

முதல் அறிக்கையை நான் குழந்தைக்காக மாற்றினேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். இரண்டாவதை மாற்றியபோது குழந்தை பிறந்தாகிவிட்டது. அதை உண்மையாகக் கொடுத்தால், முதலாவது என்ன ஆயிற்று என்று அவள் தேடிப் பார்ப்பாள். தேடினால் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவாள். அப்புறம் அவள் பிழைத்து எழுந்து, அந்த வீட்டில், அந்த மேசைக்கு எதிரில் உட்கார்ந்து என்னை எப்படிப் பார்ப்பாள் என்று யோசித்தேன். அந்தப் பார்வையைத் தாங்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதை மட்டும் என்னால் தடுக்க முடிந்தது, பாஷா. கடைசி நாள்வரை அவள் என்னை அன்பாகத்தான் பார்த்தாள்.